மினமாட்டா: ஒரு பழைய போட்டோ புத்தகமும் அதில் ஒரு பக்கமும்

ஜப்பானில் ஒரு ஊரில் ஆலைக் கழிவில் வந்த பாதரசம் செய்த நாசத்தைப் பற்றி, போட்டோகிராபர் யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீன் ஸ்மித்தும் சேர்ந்து செய்த ‘மினமாட்டா’ புத்தகம் போன மாதம்தான் கைக்கு வந்தது. 1975இல் நியூயார்க்கில் ஹோல்ட், ரைன்ஹார்ட் அண்ட் வின்ஸ்டன் போட்ட பதிப்பு. பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் இணையத்தில் தேடிப் பிடித்தேன், தபால் செலவோடு எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேலுறை இல்லை, ஒரு மூலை நசுங்கியிருக்கிறது, முதல் பக்கத்தில் யாரோ பென்சிலால் எதையோ எழுதி அழித்திருக்கிறார்கள். பைண்டிங் மட்டும் கெட்டி. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் அதில் என்ன இருக்கிறது, எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பாஸ்போர்ட் சைஸ், அவ்வப்போது சாவு வீடு. தொழில் கற்றது ஃபிலிம் காலத்தில், டார்க்ரூமில், ஹைப்போ வாடையோடு. இந்தப் புத்தகத்தில் உள்ள ஒரே ஒரு படம் மட்டும் எனக்கு அப்போதே தெரியும். குளியல் தொட்டியில் ஒரு தாய் தன் மகளைக் கைகளில் ஏந்தியிருக்கும் படம். நான் வேலை பழகிய ஸ்டுடியோவின் முதலாளி அண்ணன் அதை ஏதோ ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வெட்டி டார்க்ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். “பிரிண்ட்டுன்னா இப்படி இருக்கணும்டா” என்பார். கறுப்பு எவ்வளவு ஆழமாக இருக்கிறது, அந்தக் கறுப்புக்குள்ளிருந்து அம்மாவின் முகம் எப்படி எழுந்து வருகிறது, தண்ணீர் மேல் வெளிச்சம் எங்கே நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று, எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பல வருஷம் அது எனக்கு ஒரு நல்ல பிரிண்ட், அவ்வளவுதான். இப்போது நினைத்தால் நெஞ்சு உறுத்துகிறது.

மினமாட்டா ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில் இருக்கும் ஒரு சின்ன ஊர். முன்னால் ஷிரானுயி கடல், பின்னால் மலை, நடுவில் சிஸ்ஸோ என்ற ரசாயனக் கம்பெனியின் ஆலை. 1932இலிருந்து அங்கே அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனம் தயாரித்தார்கள், அதற்குப் பாதரசம் தேவை. அந்த வேலையில் உண்டாகும் மீத்தைல் பாதரசம் கழிவுநீரோடு கடலுக்குப் போனது, கடலிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து மூன்று வேளையும் மீன் சாப்பிடும் செம்படவர் குடும்பங்களுக்கு. மனிதர்களுக்கு முன்னால் பூனைகளுக்குத்தான் தெரிந்தது. மீன் தின்ற பூனைகள் கிறுக்குப் பிடித்ததுபோல் சுழன்று ஆடிச் செத்தன. அப்புறம் கை நடுங்கியது, பேச்சு குழறியது, கண்பார்வை பக்கவாட்டில் சுருங்கி ஒரு குழாய்க்குள்ளிருந்து பார்ப்பதுபோல் ஆனது. 1956 மே 1ஆம் தேதி, ஆலையின் சொந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஹொசோகாவாதான் காரணம் தெரியாத நோய் பரவுகிறது என்று அரசாங்கத்துக்கு முதலில் தெரிவித்தார்.

அதே டாக்டர் 1959இல் ஆலைக் கழிவைச் சோற்றில் கலந்து பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். 400ஆம் எண் பூனைக்கு அதே நோய் வந்தது. கம்பெனி அந்தச் சோதனையை வெளியே விடவில்லை. அந்த வருஷக் கடைசியிலேயே நோயாளிக் குடும்பங்களோடு ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். அதன் பெயர் நஷ்டஈடு கூட இல்லை, ஆறுதல் பணம். இறந்தவருக்கு 3 லட்சம் யென். பின்னால் ஆலைக் கழிவுதான் காரணம் என்று நிரூபணமானாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கக்கூடாது என்று ஒரு ஷரத்து. பூனைச் சோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி எழுதியிருக்கிறார்கள். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அசிட்டால்டிஹைடு தயாரிப்பு நின்றது 1968இல்தான், ஆலைதான் காரணம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டதும் அந்த வருஷம்தான். முதல் நோயாளியைச் சொல்லி 12 வருஷம் கழித்து.

புத்தகத்தின் கடைசியில் டாக்டர் ஹராடா மசஸுமி எழுதிய மருத்துவ அறிக்கை ஒன்று சேர்த்திருக்கிறார்கள். படம் பார்க்க வாங்குபவர்கள் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடக்கூடும், தயவுசெய்து படியுங்கள். தாய்க்கு நோயின் அறிகுறியே பெரிதாக இல்லாமல் குழந்தை மட்டும் கை கால் முறுக்கிப் பிறந்தது ஏன் என்ற கேள்விக்கு விடை கண்டவர்களில் அவர் முக்கியமானவர். அதுவரை மருத்துவ உலகம் தாயின் உடம்பில் உள்ள விஷத்தை நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்று நம்பியிருந்தது. மீத்தைல் பாதரசத்தை அது தடுக்கவில்லை, கருவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நம் மொழியில் அதற்குப் பெயரே நஞ்சுக்கொடி. யார் எதற்காக அப்படிப் பெயர் வைத்தார்களோ, இதைப் படித்த நாளிலிருந்து அந்தச் சொல்லை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. ஜப்பானில் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சின்ன மரப்பெட்டியில் பத்திரமாக வைப்பார்களாம். நம்மூரில் தாயத்துக்குள் வைத்து இடுப்பில் கட்டுகிறோமே, அதேபோல. பிற்பாடு அந்தக் கொடிகளை வாங்கிச் சோதித்துத்தான் எந்த வருஷம் எவ்வளவு விஷம் உள்ளே போனது என்று ஹராடா கணக்கெடுத்தார். எந்தத் தாயும் தன் பிள்ளையின் நினைவாக எடுத்து வைத்தது, கடைசியில் சாட்சியாக ஆனது.

சரி, படங்களுக்கு வருகிறேன். ஸ்மித் அமெரிக்கர், லைஃப் பத்திரிகையில் பேர் பெற்றவர், 1945இல் ஒகினாவாப் போரில் குண்டுச் சிதறல் பட்டவர். 1971இல் ஐலீனைக் கல்யாணம் செய்த கையோடு இருவரும் மினமாட்டாவுக்குப் போனார்கள். ஐலீனுக்கு அப்போது 21 வயது, தாய் ஜப்பானியர், மொழி தெரியும். மூன்று மாதம் தங்கலாம் என்றுதான் போனார்கள், தங்கியது மூன்று வருஷம். அந்த மூன்று வருஷம் புத்தகத்தில் நன்றாகவே தெரிகிறது. எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு, கல்யாண வீட்டில் முதல் ஒரு மணி நேரம் எடுக்கும் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்த்துத்தான் நிற்பார்கள், சாயங்காலம் ஆனால் மறந்துவிடுவார்கள். இந்தப் புத்தகத்தில் கேமராவை மறந்த முகங்கள்தான் பெரும்பாலும்.

ஒரு செம்படவரின் கை மட்டும் ஒரு படம். விரல்கள் உள்ளே மடங்கி, வெற்றிலைக் கொடி காய்ந்தால் சுருளுமே அப்படி. முகத்தைக் காட்டியிருந்தால் அந்த மனிதரைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்போம், கையை மட்டும் காட்டும்போது, இந்தக் கையால் இனி வலையைப் பிடிக்க முடியாது என்பதுதான் முதலில் தோன்றுகிறது. இன்னொரு படம் அதைவிட எனக்குப் பிடித்தது. கவமோட்டோ தெருவோ என்பவர், நோயில் தகப்பனைப் பறிகொடுத்தவர், தானும் நோயாளி, கம்பெனியின் தலைவருக்கு நேர் எதிரே மேஜை மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறார். கத்தவில்லை, அடிக்கவில்லை, மேஜைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்ற கணக்கையே எடுத்துவிட்டார். துயரத்தைக் காட்டும் படங்களைப் பற்றி எப்போதும் ஒரு புகார் உண்டு, ஏழைகளைச் செத்துக் கிடப்பவர்களாகவும் அழுபவர்களாகவும் மட்டும் காட்டுகிறார்கள் என்று. பல புத்தகங்களுக்கு அது பொருந்தும். இங்கே பாதிப் பக்கங்களில் ஜனங்கள் கோபமாக இருக்கிறார்கள், இறந்தவர்களின் படங்களை மார்போடு பிடித்துக்கொண்டு கம்பெனி வாசலில் நிற்கிறார்கள், கோர்ட்டுக்குப் போகிறார்கள். 1973 மார்ச் 20ஆம் தேதி குமமோட்டோ கோர்ட்டில் ஜெயிக்கிறார்கள். அந்த ஆறுதல் பண ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பு. நோயாளி ஒருவருக்கு 16 முதல் 18 மில்லியன் யென் வரை. தீர்ப்பு வந்த பிறகும் முகங்களில் பெரிய சந்தோஷம் ஒன்றுமில்லை, அதையும் மறைக்காமல் எடுத்திருக்கிறார்கள்.

முன்னுரையிலேயே ஸ்மித் சொல்லிவிடுகிறார், இது நடுநிலையான புத்தகம் இல்லை என்று. பத்திரிகைத் தொழிலின் அகராதியிலிருந்து முதலில் எடுக்கவேண்டிய சொல்லே அதுதான் என்கிறார். அதைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. 1972 ஜனவரியில் நோயாளிகளோடு சிபா பகுதியில் உள்ள கோய் ஆலைக்குப் போனபோது கம்பெனி ஆட்கள் அவரைத் தூக்கித் தரையில் அடித்தார்கள். கழுத்திலும் கண்ணிலும் பட்ட அடியின் பாதிப்பு 1978இல் சாகும்வரை தீரவில்லை. அப்புறமும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை.

குறை சொல்ல வேண்டுமென்றால் எழுத்துப் பகுதியில் சொல்லலாம். ஸ்மித் எழுதும் இடங்களில் குரல் கொஞ்சம் உரக்க இருக்கிறது, நமக்கே தெரிவதை மறுபடி சொல்கிறார். ஐலீன் ஜனங்களிடம் கேட்டு எழுதியவை அமைதியாக, எந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெளிவாக இருக்கின்றன, எனக்கு அவைதான் பிடித்தன. ஆங்கிலம் ரொம்பக் கடினம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஜப்பானியப் பெயர்கள் குழப்புகின்றன. நான் ஒரு நோட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தேன். அச்சு 1975க்கு நல்ல அச்சு. இருந்தாலும் என் பிரதியில் சில பக்கங்களில் கறுப்பு அப்பிக்கொண்டு கிடக்கிறது. ஸ்மித் ஒரு பிரிண்ட்டுக்கு நாள்கணக்கில் உட்காருவார், இருட்டாகப் போட்டுவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலைத் தொட்டு வெளிச்சத்தை மீட்டு எடுப்பார். அந்த வேலையைக் கையால் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு நொடி தாமதித்தால் கன்னம் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிடும். அப்படிச் செய்த நுணுக்கம் முழுவதும் எந்த அச்சிலும் வந்துவிடாது.

இனி அந்தக் குளியல் படம்.

எடுத்தது 1971 டிசம்பரில். அந்தப் பெண் 1956இல் பிறந்தவர், கருவிலேயே நோய் பட்டவர், பார்வையில்லை, பேச்சில்லை, நடக்க முடியாது. அவருடைய பெயர் உலகத்துக்கே தெரியும், இருந்தும் நான் இங்கே எழுதவில்லை, காரணம் பின்னால் வருகிறது. அந்தக் குடும்பம் அவரை ‘செல்வப் பிள்ளை’ என்று கொண்டாடியது. அம்மாவின் உடம்பில் இருந்த விஷத்தையெல்லாம் இந்தக் குழந்தையே வாங்கிக்கொண்டது, அதனால்தான் தானும் பின்னால் பிறந்த பிள்ளைகளும் பிழைத்தோம் என்று அந்த அம்மா நம்பினார். ஸ்மித் தம்பதி அந்த வீட்டுக்குப் பழகிய ஆட்கள். தினமும் அந்த வீட்டில் நடக்கும் குளியல், தாயின் சம்மதத்தோடு எடுத்த படம். 1972 ஜூன் 2 தேதியிட்ட லைஃப் இதழில் வந்தது, உலகம் முழுவதும் போனது. மினமாட்டா என்ற ஊர்ப் பெயரை வெளியுலகம் மறக்காமல் இருப்பதற்கு அந்தப் படம் ஒரு பெரிய காரணம்.

புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு வந்தபோது நான் பிரிண்டைப் பார்க்கவில்லை. முதன்முறையாக அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தேன். கேமரா பக்கம் திரும்பவே இல்லை. குளிப்பாட்டும்போது எந்தத் தாயும் பார்ப்பாளே, காதுக்குள் தண்ணீர் போய்விடக்கூடாது என்று, அப்படித்தான் பார்க்கிறார். என் அம்மா என் தங்கையைக் காலில் போட்டு ஊற்றும்போது இருக்கும் அதே பார்வை. மகளுக்கு வயது 15. நான் இருபது வருஷம் முன்னால் கதவில் பார்த்தபோது இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை, ஏனென்றால் அந்தப் படம் தனியாகத் தொங்கியது, முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல்.

அந்தப் பெண் 1977இல் 21 வயதில் இறந்துபோனார். படம் மட்டும் ஓயவில்லை. போஸ்டர், துண்டுப் பிரசுரம், பாடப்புத்தகம், கண்காட்சி என்று சுற்றிக்கொண்டே இருந்தது. மகள் இறந்து இருபது வருஷம் ஆகியும் மகளின் உடம்பு ஊர் ஊராகப் போகிறது, அவளை இனியாவது ஓய்வெடுக்க விடவேண்டும் என்று பெற்றோர் நினைத்தார்கள். 1998இல் ஐலீன் ஸ்மித், உரிமை தன்னிடம் இருந்தும், இனி அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடமே கொடுத்துவிட்டார். புதிதாக வெளியிடுவது நின்றது. 2020இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் அது மறுபடி வந்தபோது, சரியா தவறா என்று வாக்குவாதம் கிளம்பியது.

பெற்றோர் கேட்டார்கள் என்று படத்தை நிறுத்திவைத்தது சரியா என்று நண்பர்களிடம் கேட்டேன். ஒரு பாதி, உலகத்தின் மனசாட்சியைத் தொட்ட படத்தை மறைப்பது தவறு என்றது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, அதற்குக் காரணம் எங்கள் தொழிலில் நடந்த ஒன்று.

முதலாளி அண்ணனின் ஸ்டுடியோ ஷோகேஸில் ஒரு பெண்ணின் படம் இருந்தது. பதினாறு, பதினேழு வயதிருக்கும், சடங்கு முடிந்து தலை நிறையப் பூவோடு, பின்னல் முன்னால் தெரிவதற்காகக் கண்ணாடி வைத்து எடுத்தது. அவர் எடுத்ததிலேயே நல்ல படம். அந்தப் பெண்ணின் அப்பா ரொம்பப் பெருமையாகச் சம்மதித்து, சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். நாலு வருஷம் கழித்து ஒருநாள் மதியம் வந்தார், உள்ளே வரவில்லை, வாசல் படியிலேயே நின்றார். “தம்பி, அதை எடுத்துடுங்க. பஸ்ஸுல போறப்ப தினமும் பாத்துட்டே போறேன், முடியல” என்றார். பெண் கல்யாணமான இடத்தில் இறந்துவிட்டிருந்தாள். எப்படி என்று நாங்கள் கேட்கவில்லை. அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியை எடுத்து ஷோகேஸைத் திறந்து, ஃப்ரேமோடு கழற்றி, பேப்பர் சுற்றிக் கொடுத்தார். உள்ளே போய் நெகட்டிவையும் தேடி எடுத்துவந்து கொடுத்தார். அந்த இடத்தில் நீல வெல்வெட் துணி வெயில் படாமல் புதுசாக இருந்தது, சுற்றிலும் வெளுத்து நடுவில் ஒரு அடர்நீலச் சதுரம். ரொம்ப நாள் அங்கே வேறு படம் வைக்கவில்லை.

அந்த அப்பா முதலில் கொடுத்த சம்மதமும் உண்மை, பின்னால் கேட்டதும் உண்மை. அந்த ஜப்பானியப் பெற்றோரும் அப்படித்தான். எங்கள் மகளைப் பாருங்கள், இதை நிறுத்துங்கள் என்று சொல்வதற்காக ஒரு காலத்தில் வீட்டுக்குள் கேமராவை விட்டார்கள். பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள், கோர்ட்டில் தீர்ப்பும் வந்தது. அப்புறமும் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு அவர்கள் சம்மதம் கொடுக்கவில்லை. அதனால்தான் பெயரை எழுதவில்லை, படத்தையும் போடவில்லை. இந்தப் படம் இணையத்தில் கிடைக்கும், தேடினால் ஒரு நொடி. ஆனால் அங்கே அது நான் கதவில் பார்த்த மாதிரிதான் இருக்கும், தனியாக. மேலே பெரிய எழுத்தில் ‘கண்ணீர் வரவைக்கும் படம்’ என்று யாராவது போட்டிருப்பார்கள். புத்தகத்தில் அப்படியில்லை. கடல், படகு, ஆலைக் குழாய், மேஜை மேல் உட்கார்ந்த மனிதர், ஹராடாவின் அறிக்கை, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வீட்டின் குளியலறை. ஏற்கெனவே அச்சாகிவிட்ட பழைய பிரதி, அதை ஒருவர் தனியாக உட்கார்ந்து பார்ப்பது, இதில் அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் மரியாதைக்குறைவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேறு மாதிரி நினைப்பவர்கள் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் படிக்கும்போது ஜப்பான் தூரத்து ஊராகத் தெரியவில்லை. என் ஸ்டுடியோவிலிருந்து பார்த்தால் கொடைக்கானல் மலை தெரியும். இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை அங்கேதான் இருந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன்கணக்கில் அங்கே மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001இல் தெரியவந்து, ஆலை மூடப்பட்டது. பழைய தொழிலாளர்கள் 591 பேருக்கும் கம்பெனிக்கும் உடன்பாடு ஏற்பட்டது 2016இல். அங்கே கடல் இல்லை, விஷம் போன வழியும் வேறு, இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் டார்க்ரூமில் டெவலப்பர் சூடு பார்க்க நாங்கள் தினமும் கையில் எடுத்தது பாதரச தெர்மாமீட்டர்தான். ஒருமுறை உடைந்தபோது தரையில் ஓடிய உருண்டைகளை விரலால் தள்ளி விளையாடினோம். உலக நாடுகள் 2013இல் பாதரசத்துக்கு எதிராகப் போட்ட ஒப்பந்தத்துக்கு மினமாட்டா என்றே பெயர், இந்தியாவும் 2018இல் அதை ஏற்றிருக்கிறது.

வாங்குபவர்களுக்கு: மேலுறை உள்ள பிரதிக்கு விலை இரண்டு மடங்கு கேட்கிறார்கள், தேவையில்லை. பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா, குறிப்பாகக் கடைசியில் மருத்துவ அறிக்கை இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். படங்களை வெட்டி எடுத்துத் தனியாக விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள், எனக்குப் பத்து நாள் ஆனது.

புத்தகம் இப்போது ஸ்டுடியோவில், என் மேஜைக்குப் பின்னால் உள்ள அலமாரியில் இருக்கிறது. பழைய கல்யாண ஆல்பங்களில் பக்கத்துக்குப் பக்கம் சிலந்தி வலை டிசைன் போட்ட பட்டர் பேப்பர் வைப்போம், அதில் ஒரு கட்டு இன்னும் மிச்சம் இருந்தது. ஒன்றை அளவாக வெட்டி அந்தக் குளியல் படத்தின் மேல் வைத்திருக்கிறேன். போன வாரம் என்னிடம் வேலை பார்க்கும் பையன் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தான். பட்டர் பேப்பர் வந்ததும் நிறுத்தி, “அண்ணே, இதைத் தூக்கலாமா?” என்று கேட்டான். முன்னால் இருக்கிற பக்கமெல்லாம் படிச்சிட்டியா என்று கேட்டேன். இல்லை என்று திரும்ப முதல் பக்கத்துக்குப் போனான்.